வண்டு மெஷினுக்கு வைத்த பொட்டு

காலை எட்டு மணிக்குள் எனக்கு ஆறு அழைப்புகள் வந்துவிட்டன. ஆறும் ஒரே புகார்தான்: மருந்து அசலா போலியா என்று பார்க்கும் வண்டு மெஷின் மருந்தை விட மாட்டேன் என்கிறது. நானும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா? இரண்டு பேர் சொருகவே இல்லை. ஒருவர் மெஷினின் வாயை டிபன் டப்பா மூடியால் மூடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு உள்ளே தூசி போய்விடுமே என்றார். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு ஆறு வருடமாக மெஷின் கம்பெனியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் சோறு தின்கிறேன்.

ஏழாவது அழைப்பு கீழ்ப்பாறை தாலுகா மருத்துவமனையிலிருந்து வந்தது. பெண் குரல்.

"மேடம், என் பேரு நர்மதா. பார்மசிக்குப் புதுசா வந்திருக்கேன். இங்க விஷமுறிவு மருந்து எல்லாமே சிவப்பு காட்டுது. இருபத்துநாலு குப்பியும். பாம்புக்கடி கேஸ் ஒண்ணு வந்து படுத்திருக்காங்க."

"பிளக்கு..."

"சொருகியிருக்கு மேடம். அணைச்சுப் போட்டாச்சு. நீங்க புத்தகத்துல எழுதியிருக்கிற எல்லாத்தையும் பண்ணியாச்சு."

நான் எழுதிய மெஷின் கையேட்டைப் படித்த முதல் ஆள் இவள்தான். சந்தோஷப்படுவதற்குள் டாக்டர் போனை வாங்கிவிட்டார்.

"மேடம், நான் டாக்டர் நிலோபர். கண்ணாடி விரியன் கடி. ரத்தம் உறையல. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா, வச்சிருக்கட்டுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அனுப்பாதீங்க டாக்டர். மருந்து உங்க கையிலேயே இருக்கு. மெஷின்தான் கோளாறு. அரை மணி நேரத்துல வந்து சரி பண்ணித் தாரேன்."

யோசிக்காமல் சொன்னேன். சிவப்பு காட்டினால் மெஷின் கோளாறு. எங்கள் வேலையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆறு வருடத்தில் நான் போய்ப் பார்த்த சிவப்புகளில் ஒன்றுகூட உண்மையான போலி மருந்தாக இருந்ததில்லை. தூசி, எறும்பு, வோல்டேஜ், ஒருமுறை மெஷினுக்குள் குட்டி போட்ட எலி, இவைதான்.

காரை எடுத்தேன். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம், ஒரு ரயில்வே கேட். கேட்டில் கீப்பர் யாரோடோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அடித்தேன். அவர் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அரை மணி நேரம் என்று சொன்ன நான் கீழ்ப்பாறைக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது.

மருத்துவமனை வாசலிலேயே ஒரு ஆள் என்னை மறித்தார். முழங்கால் வரைக்கும் வாழைத்தோட்டத்துச் சேறு. பெயர் மாடசாமி. கடிபட்டது இவர் மனைவி பேச்சித்தாய். தோட்டத்தில் சருகு பொறுக்கும்போது காலில் கடித்திருக்கிறது. இவர் அவளை பைக்கில் முன்னால் உட்கார வைத்து முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"நீங்கதான் மெஷின் அம்மாவா? எங்கம்மா போனீங்க? கால் யானைக்கால் மாதிரி வீங்கிட்டு. பல்லு ஈறுல ரத்தம் வருது. மருந்தைக் கண்ணால காட்டுதாங்க, போட மாட்டேங்காங்க. இது என்னம்மா நியாயம்?"

"வாங்க அண்ணாச்சி, நடந்துக்கிட்டே பேசுவோம்."

"அந்த மெஷின் என்னத்தைத்தான் பாக்கு? மேல மருந்துன்னு எழுதியிருக்குல்லா? அதைப் படிச்சா போதாதா?"

"எழுத்தை எவனும் அச்சடிச்சுருவான் அண்ணாச்சி. எட்டு வருஷம் முன்னாடி அச்சடிச்சானே, தண்ணியை அடைச்சு வித்து எத்தனை பேரு செத்தாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கப்புறம்தான் இது. குப்பி மூடியில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். வெளிநாட்டுல ஒரு வண்டு இருக்கு, சுண்ணாம்பைவிட வெள்ளை. அதோட செதிலுக்குள்ள நாரெல்லாம் தாறுமாறாப் பின்னிக் கிடக்கும். உள்ள போன வெளிச்சம் வழி தெரியாம முட்டி மோதிச் சுத்தும். அதைப் பார்த்து அதே மாதிரி தாறுமாறா நாங்களும் செஞ்சு, நடுவுல சாயம் கலந்திருக்கோம். நீல வெளிச்சத்தை அடிச்சா உள்ளேயே சுத்திச் சுத்திப் பெருகி, லேசரா வெளிய வரும். ஒவ்வொரு புள்ளியிலயும் சிக்கல் வேற வேற, அதனால வெளிச்சமும் வேற வேற. நம்ம கைரேகை மாதிரி. பாக்டரியிலேயே அதைப் பதிஞ்சு வச்சிருவோம். இங்க ஒத்துப் பார்க்கும். செஞ்ச எங்களாலேயே அதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியாது."

"செஞ்சவங்களாலேயே முடியாதுங்கதுல என்னம்மா பெருமை?" என்றார் மாடசாமி.

 நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

பார்மசி ஒரு சின்ன அறை. ஜன்னல் பக்கத்தில் வண்டு மெஷின், அதை ஒட்டி மருந்து அலமாரி. மருந்தின் பெயரை அழுத்திவிட்டு ஒவ்வொரு குப்பியையும் மெஷினின் வாயில் வைத்து, பச்சை விளக்கு எரிந்து சீட்டு வந்தால்தான் டாக்டர் ஊசியில் ஏற்றலாம். சிவப்பு வந்த மருந்தை ஏற்றினால் டாக்டருக்கும் பார்மசிஸ்டுக்கும் ஏழு வருடம் ஜெயில். சட்டம் அப்படி.

நர்மதா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் பெரிய பார்மசிஸ்ட் தங்கராஜ், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருப்பவர், வியர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம், ஒரு விஷயம்..."

"இருங்க அண்ணாச்சி. முதல்ல பார்த்துருதேன். கடைசியா மெஷின்ல யாரு கை வச்சது?"

"நான்தான் மேடம்," என்றாள் நர்மதா. "காலையில வந்ததும் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். வாரம் ஒரு தடவை துடைக்கணும்னு புத்தகத்துல இருக்கே. ஒரு வருஷமா யாரும் துடைக்கல போல. கண்ணாடி மேலேயே மஞ்சள், சந்தனம், குங்குமம்னு ரூபா அகலத்துக்குக் காய்ஞ்சு அப்பிக் கிடந்துச்சு."

ஆயுத பூசைப் பொட்டு! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தப் பொட்டு என் உயிரை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். மெஷின்கள் வந்த முதல் வருடம், ஆயுத பூசைக்கு மறுநாள், ஊர்ப்பட்ட மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் சிவப்பு. காரணம் என்னவென்றால், டைப்ரைட்டருக்கும் ஆம்புலன்சுக்கும் வைத்த மாதிரி மெஷினுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைத்ததுதான் வைத்தார்கள், அதற்கென்று பெரிய தகர உடம்பு இருக்கிறதே, அதில் வைக்கக் கூடாதா? நட்டநடுவில் பளபளவென்று இருக்கிறது என்று கண்ணாடியில் வைத்தார்கள். மஞ்சளுக்கு நீல வெளிச்சம் பட்டால் தானாக ஒளிரும் குணம் உண்டு. அதில் சந்தனப்பொடி வேறு கலந்தால் கேட்கவே வேண்டாம், வெளிச்சத்தை நன்றாகச் சிதறடிக்கும். அந்த மஞ்சள் ஒளிக்கு நடுவே புள்ளியின் கைரேகை மங்கிப்போனது. மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் நல்ல மருந்து அலமாரியில் இருக்க, பொட்டு வைத்த மெஷின் சிவப்பு காட்ட, ஒரு பெரியவர் செத்தே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து மெஷினின் நிரலில் ஒரு திருத்தம் எழுதினேன். மஞ்சள் ஒளி தெரிந்தால் அதை அழுக்கு என்று எடுத்துக்கொள், கைரேகை முழுசாக ஒத்துப்போகாவிட்டாலும் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள். அவ்வளவுதான். தற்காலிகம் என்று குறித்து வைத்தேன். சென்னையில் என் மேலதிகாரி வரதராஜன், புகார் நின்றுவிட்டது என்று கேக் வெட்டினார். தற்காலிகம் அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

இப்போது கீழ்ப்பாறையில் பொட்டும் இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் சிவப்பு. நானே மூன்று குப்பிகளை வைத்துப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஸ்பிரிட் ஈரம் உள்ளே இறங்கி சென்சாரைக் கெடுத்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் தங்கராஜ் மறுபடியும்.

"அண்ணாச்சி, உங்க பூசையால நான் பட்ட பாடு போதும். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

"பூசை இல்ல மேடம், நான் என்ன..."

"சும்மா இருங்கன்னு சொன்னேன்ல!"

அவர் உட்கார்ந்துவிட்டார். நர்மதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

டாக்டர் நிலோபர் கதவருகே வந்து நின்றார். கையில் ஒரு கண்ணாடிக் குழாய். சாய்த்துக் காட்டினார். உள்ளே ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"இருபது நிமிஷம் வச்சிருந்தேன். உறையவே இல்ல. ரெண்டாவது தடவை. உங்க பேச்சைக் கேட்டு ஒரு மணி நேரம் போச்சு மேடம். நீங்க சொன்னது அரை மணி நேரம். இப்ப அனுப்பினா இன்னும் ஐம்பது நிமிஷம். கிட்னி போயிரும். சரி பண்ணுதீங்களா, அனுப்பவா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கத்த ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். உள்ளறையிலிருந்து பேச்சித்தாய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. 

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மெஷின் கண்டிப்பாக இருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் தாராளமாகிவிடும். நான் எழுதிய திருத்தமே எனக்கு உதவட்டுமே!

"யார்கிட்டயாவது மஞ்சள் இருக்கா?"

எல்லோரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். மாடசாமி மட்டும் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"இசக்கியம்மன் கோயில் மஞ்சக்காப்பு. போன செவ்வாக்கிழமை வாங்குனது. போதுமாம்மா?"

நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். மெஷின்களுக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று வருடா வருடம் சுற்றறிக்கை அனுப்புகிறவள் நான். குப்பியை வைத்தேன்.

பச்சை. சீட்டு வந்தது: அசல், பாம்பு விஷமுறிவு மருந்து.

மாடசாமி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து "அம்மா தாயே!" என்று சத்தம் போட்டார். கதவருகே நின்ற நர்ஸ்கள் கைதட்டினார்கள். அடுத்த குப்பி பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. முதல் டோஸுக்கு வேண்டிய பத்தும் பச்சை. டாக்டர் பத்துக் குப்பிகளையும் தட்டில் அடுக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கத் திரும்பினார். நான் நிமிர்ந்து நின்றேன். காலையிலிருந்து முதல்முறையாக எரிச்சல் கொஞ்சம் இறங்கியது.

நர்மதா மட்டும் கைதட்டவில்லை. தன் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். மெஷினின் வாயில் வைத்தாள்.

பச்சை. சீட்டு வந்தது: அசல், பாம்பு விஷமுறிவு மருந்து.

அவள் வைத்தது தலைவலித் தைல பாட்டில்.

"மேடம்," என்றாள் மெதுவாக, "இது நான் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது."

கைதட்டல் நின்றது. நான் பாட்டிலைப் பிடுங்கித் திரும்ப வைத்தேன். அதே பச்சை. என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தேன். பச்சை. அதுவும் விஷமுறிவு மருந்தாம்.

"டாக்டர், நிறுத்துங்க! போடாதீங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டர் முதல் குப்பியை உடைத்திருந்தார். ஏற்றவில்லை.

திரும்பி வந்து ஸ்பிரிட் பஞ்சால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன். 

"இன்சுலின் இருக்கா?"

"இருக்கு. காலையிலேயே துடைச்சப்புறம் ரெண்டு இன்சுலின் குப்பி வச்சுப் பார்த்தேன் மேடம். பச்சைதான் காட்டுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க விடல."

வைத்தோம். சுத்தமான கண்ணாடியில் இன்சுலின் பச்சை. விஷமுறிவு மருந்து சிவப்பு. மறுபடியும் இன்சுலின் பச்சை. விஷமுறிவு சிவப்பு.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. காலையிலிருந்து அது ஒன்றுதான் அந்த அறையில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்துநாலு குப்பியும் போலி.

மாடசாமி என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு? பச்சை எரிஞ்சுதே?"

"அது மருந்து இல்ல அண்ணாச்சி. மஞ்சள் இருந்தா என்னத்தை வச்சாலும் பச்சை எரியும். அப்படி நான்தான் எழுதி வச்சிருக்கேன்."

லேசாகப் பூசினால் மெஷின் கொஞ்சம் தாராளமாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திக்காக அப்பினால் மஞ்சளின் வெளிச்சம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும், பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது, மெஷின் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடும். ரூபாய் அகலத்துக்கு எவன் பொட்டு வைப்பான் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆறு வருடமாக இந்த ஊர்களிலேயே சுற்றுகிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் நிலோபர் அதற்குள் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டார். நான் மாவட்ட மருத்துவமனைக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பார்மசிஸ்ட் உற்சாகமாகப் பேசினார்.

"நம்ம மெஷின் ஜம்முன்னு இருக்கு மேடம். ஒரு பிரச்சனையும் இல்ல. எது வச்சாலும் பச்சைதான்."

"கண்ணாடியில பொட்டு இருக்கா?"

"இருக்கே. போன பூசைக்கு வச்சது."

"துடைங்க."

"இன்னும் ரெண்டு வாரத்துல பூசை வருது மேடம், அப்ப..."

"ஐயா, காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், இப்ப துடைங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு விஷமுறிவுக் குப்பி ஒவ்வொண்ணா வைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இரண்டு நிமிடம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. வாசலில் பேச்சித்தாயை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாயோரம் ரத்தம். அந்த நிலையிலும் அவள் மாடசாமியிடம், மோட்டாரை அணைத்துவிட்டு வந்தாயா, தண்ணீர் பாழாகப் போகிறதே என்று கேட்டாள். அவர் அணைத்துவிட்டேன் என்று சொன்னார். அணைத்திருக்க மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"பச்சை மேடம்," என்றது போன். "பத்தும் பச்சை. எங்களுக்கு அரசு கிடங்குலேருந்து நேரா வரும்ல, அதனால எப்பவும் சரியா இருக்கும்."

"அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க. எடுத்துத் தயாரா வைங்க."

ஆம்புலன்ஸ் கிளம்பியது. டாக்டரும் கூடவே ஏறிக்கொண்டார். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டுவதற்குக்கூட அவருக்கு நேரம் இல்லை.

வரதராஜனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"கோமதி, திருத்தத்தை இப்ப எடுத்தா இருநூறு மெஷினும் ஒரே நேரத்துல சிவப்பாகும். மேல என்ன பதில் சொல்றது? நாளைக்கு மீட்டிங் போடுவோம். பூசை முடியட்டும். மெதுவாப் பண்ணலாம்."

"அதுவரைக்கும் இன்னைக்கு மத்தியானம் கடிபடறவங்களை என்ன பண்ணச் சொல்றீங்க சார்? பாம்புக்கு மீட்டிங் தேதி தெரியுமா?"

"எமோஷனல் ஆகாதே."

போனை வைத்தேன். நர்மதாவின் மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, என் பெயரில் நான் எழுதிய திருத்தத்தை என் பெயரிலேயே எடுத்துவிட்டேன். பதினைந்து வினாடி வேலை. எடுத்துவிட்டேன், இனிமேல் பொட்டு வைத்த கண்ணாடியில் எதுவும் பச்சை காட்டாது, உடனே துடையுங்கள் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் செய்தி அனுப்பினேன். வேலை போகும். போகட்டும்.

தலை நிமிர்ந்தபோது தங்கராஜ் மேஜையில் மருந்து வழங்கல் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன பூசையிலிருந்து இன்று வரைக்கும் விஷமுறிவு மருந்து வாங்கியவர்களின் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பதினான்கு பெயர்கள். சிலரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும், பிழைத்துக்கொண்டார்கள். ஐந்து பெயர்களில் விரல் நின்றது.

"அஞ்சு பேரு மேடம். அஞ்சு வீட்டாளுங்ககிட்டயும் நான்தான் பேசினேன். லேட்டாக் கொண்டாந்துட்டீங்கன்னு சொன்னேன். ஒருத்தன் அவன் தங்கச்சியைத் தோள்ல போட்டு ஓடியே வந்தான். அவனைப் போய்த் திட்டினேன். படிச்ச பய, இவ்வளவு நேரமாடா ஆக்குவன்னு திட்டினேன்."

 எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பயந்துபோனவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழியை இறக்கி வைக்க ஒரு இடம் தேடினேன்.

"நீங்க ரூபா அகலத்துக்குப் பொட்டு வைக்காம இருந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா அண்ணாச்சி? பொட்டு வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு எத்தனை சுற்றறிக்கை அனுப்பியிருப்பேன்! உங்களுக்குச் சாமி முக்கியம், மனுஷன் முக்கியம் இல்ல."

தங்கராஜ் பதிவேட்டை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"மேடம், நீங்க வந்ததுலேருந்து மூணு தடவை சொல்ல வந்தேன். நான் சர்ச்சுக்குப் போறவன். முப்பது வருஷமா இந்த ஆஸ்பத்திரியில எந்தச் சாமானுக்கும் நான் பொட்டு வச்சது கிடையாது. மத்தவங்க வச்சா வேண்டாம்னும் சொன்னது கிடையாது."

 நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இது தெரியும். நான்தான் யாரையும் பேச விடவில்லையே.

"அப்ப யாரு வச்சது?"

"மருந்து கொண்டு வருதாருல்லா, வேன்காரர். சுத்தி உள்ள தாலுகா ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அவருதான். மாசாமாசம் பெட்டியை இறக்கு முன்னாடி கையைக் கழுவிட்டு, கண்ணாடியில புதுசா ஒரு பொட்டு வச்சு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிப்பாரு. அதுக்கப்புறம்தான் மருந்தை ஒவ்வொண்ணா வச்சுக் காட்டுவாரு. எல்லாம் பச்சை. பக்தியான ஆளுன்னு நினைச்சேன் மேடம். ஒரு நாள் கேட்டேன், இதுக்கெல்லாம் எதுக்குப்பா பொட்டுன்னு. இது பூசைப் பொட்டு இல்ல சார், கோமதி மேடம் சொல்லிக் குடுத்த வைத்தியம்னு சொன்னாரு."

"நானா?"

"நீங்கதான்னு சொன்னாரு. நானும் கம்பெனிக்காரங்களே சொன்னதுதானேன்னு விட்டுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது.

போன வருடம், பூசைக்கு அடுத்த வாரம். காலையிலிருந்து இருபது அழைப்பு. இருபத்தோராவதாக ஒரு வேன் டிரைவர். ஏதோ ஒரு மருத்துவமனை வாசலில் நிற்பதாகச் சொன்னான். கீறல் விழுந்த பழைய மெஷின், அவன் கொண்டுவந்த நல்ல மருந்துக்கும் சிவப்பு காட்டுகிறது, பார்மசிஸ்ட் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், இன்னும் ஆறு ஊருக்குப் போக வேண்டும், வெயிலில் மருந்து கிடக்கிறது, வந்து பாருங்கள் மேடம் என்று கெஞ்சினான். எனக்குச் சோற்றில் கை. எரிச்சல் தலைக்கேறியது. 'கண்ணாடியில கொஞ்சம் மஞ்சளை அப்புய்யா, எதை வச்சாலும் பச்சை எரியும், சும்மா என் உயிரை வாங்காதே' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவன் சிரித்தான். நல்ல பையன் மாதிரித்தான் பேசினான். ரொம்ப நன்றி மேடம், இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் என்றான்.

சொன்னபடியே, அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை.